மோல்ஸ்காட்: ஈரணு கார்பன்–ஹீலியம் மோதல் கணக்குக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

ஈரணு கார்பனுக்கு (C₂) இருமுனைத் திருப்புதிறன் கிடையாது. அதனால் ஒரு சுழற்சி நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கதிர்வீசி இறங்குவது அதற்கு மிக அரிது. விண்மீனிடை மேகத்தில் எந்த நிலையில் எவ்வளவு மூலக்கூறு நிற்கும் என்பதை மோதலும் விண்மீன் ஒளியும்தான் முடிவுசெய்கின்றன. அந்த மோதலைக் கணக்கிட, ஹட்சனும் லெ சூயரும் 2019இல் வெளியிட்ட மோல்ஸ்காட் (MOLSCAT) என்ற மூலக்கூறு மோதல் நிரலைத் தயங்காமல் எடுக்கலாம். ஃபோர்ட்ரானில் எழுதியது, இலவசம்.

உள்ளீடு எளிது. மோதும் ஜோடியின் குறைநிறை 3.4305 அணுநிறை அலகு, சுழற்சி மாறிலி 1.811 செமீ⁻¹, மோதல் வகை 1 (நேர்கோட்டு மூலக்கூறோடு ஓர் அணு மோதுவது). சுழற்சி நிலைகளை எத்தனை எண் தாண்டி எடுப்பது என்று சொல்லும் 'ஜேஸ்டெப்' (JSTEP) 2 என்று தரவேண்டும். கார்பன்-12 கருவுக்குத் தற்சுழற்சி இல்லாததால், தரை மின்னணு நிலையில் இரட்டைப்படை எண் கொண்ட சுழற்சி நிலைகள் மட்டுமே உண்டு. அதைவிட்டால் இல்லாத நிலைகளுக்கும் நேரம் வீணாகும். நிலையாற்றலைக் கோணத்தின்படி விரிக்கும் லெஜான்டர் உறுப்புகளும் இரட்டைப்படை மட்டுமே.

பலரும் சறுக்குவது ஆற்றலில். நிரல் கேட்பது மொத்த ஆற்றல். இயக்க ஆற்றல் அல்ல. நிலை 2இலிருந்து தொடங்கும் மோதலுக்கு 10.87 செமீ⁻¹ கழித்த பிறகே வெப்பச் சராசரி எடுக்கவேண்டும். மறந்தால் 10 கெல்வினில் விடை முற்றிலும் பிசகிவிடும். புதிய நிலை திறக்கும் வாசல் ஆற்றலுக்கு அருகே ஒத்ததிர்வுகள் (குறுக்குவெட்டில் கூர்மையான ஏற்ற இறக்கங்கள்) நெருக்கமாக வரும், அங்கே 0.1 செமீ⁻¹ இடைவெளி வையுங்கள், மேலே போகப்போக அகட்டலாம். ஆற்றலுக்கு எட்டும் திறந்த நிலைகளுக்கு மேலே, எட்டாத மூடிய நிலைகள் குறைந்தது இரண்டு அடித்தளத்தில் (கணக்கில் சேர்க்கும் நிலைகளின் தொகுப்பில்) இருக்கட்டும். இல்லையென்றால் ஒத்ததிர்வுகள் இடம்மாறும், சில காணாமலே போகும்.

நிலை 20 வரை சேர்த்தால், மொத்தக் கோண உந்தம் 20ஐ எட்டியதும் ஒரு சமச்சீர்க் குறிக்கு (parity) 121 சேனல்கள், அதாவது சேர்த்துத் தீர்க்கவேண்டிய சமன்பாடுகள். நேரம் சேனல் எண்ணிக்கையின் மும்மடியாக ஏறும். அவசரத்துக்குச் சேனல்களைக் குறைக்கும் வகை 21 தோராயம் இருக்கிறது; குறைந்த வெப்பநிலைக்கு அதை நம்பக்கூடாது.

குறைகள் இரண்டு. வெளியீட்டில் கிடைப்பது சதுர ஆங்ஸ்ட்ராமில் குறுக்குவெட்டு (மோதல் நிகழும் வாய்ப்பின் அளவு), வேக மாறிலி அல்ல. வேக மாறிலிக்கான தொகையிடலை நாமே செய்யவேண்டும். மோதும் இரண்டுக்கும் இடையிலான விசையைச் சொல்லும் நிலையாற்றல் பரப்பும் நம் பொறுப்பு. ஈரணு கார்பனின் மின்னணு அமைப்பு ஒரே மின்னணு அமைவிலிருந்து தொடங்கும் ஒற்றை மேற்கோள் முறைக்கு அடங்காதது; பல அமைவுகளைச் சேர்க்கும் பன்மேற்கோள் கணக்கே பாதுகாப்பு. பரப்பு மோசமானால் மோல்ஸ்காட் அதைத் திருத்தாது, மோசமான எண்ணையே துல்லியமாகத் தரும்.

ஹீலியம் எண்களை ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு மாற்ற 1.4 என்று பொதுவாகப் பெருக்குவார்கள். இந்த ஜோடிக்குக் குறைநிறை விகிதத்தின் வர்க்கமூலம் 1.36. சுழலாத பாரா-ஹைட்ரஜனுக்கு அது முதல் மதிப்பீடு. சுழலும் ஆர்த்தோ-ஹைட்ரஜனுக்குத் தனிக் கணக்கே போடுங்கள்.