கச்சான் மாதங்களில் கொடைக்கானல்: வருடம் முழுக்கப் போய்வந்த அனுபவம்

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கத்தில் கொடைக்கானல் என்றாலே மே மாதம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், பிள்ளைகளுக்கும் லீவு, வெயில் மண்டையைப் பிளக்கும், அதனால் ஒரு வேனைப் பிடித்து மொத்தக் குடும்பமும் கிளம்பிவிடுகிறது. தங்கச்சியைக் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் கட்டிக்கொடுத்த பிறகு எனக்கு எல்லா மாதத்திலும் அங்கே போகிற வாய்ப்புக் கிடைத்தது. அப்படிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் கரைக்காரர்கள் அந்த மலைக்குப் போகக்கூடாத மாதம் ஒன்று உண்டென்றால் அது மேதான்.

மே மாதத்திலும் குளிர் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. கோடை விழா நடக்கும், பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி, பிளம்ஸ் பழம் கூடை கூடையாக வரும். ஆனால் பெருமாள்மலை தாண்டியதும் வண்டி நகராது. வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து ஊருக்குள் போகும் அந்த எட்டு கிலோமீட்டரில் பாதி நாள் போய்விடும், அறை வாடகையோ மற்ற மாதத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. இதில் இ-பாஸ் வேறு. 2024 மே 7 முதல் சொந்த வண்டியில் போகிற எல்லோரும் எடுக்க வேண்டும், 2025 சீசனில் வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று உயர் நீதிமன்றம் கணக்கே வைத்துவிட்டது. அரசுப் பேருந்துக்கு அந்தத் தொல்லை இல்லை. மதுரை ஆரப்பாளையத்தில் ஏறினால் வத்தலக்குண்டு வழியாகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். வயதானவர்கள் கூட வந்தால்கூட நான் பஸ்ஸைத்தான் சொல்வேன்.

சரி, எப்போது போவது? என் கணக்கில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்கள், ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை. இங்கே அந்தக் காற்று மணலை வாரிக் கண்ணில் அடித்து, வாசலில் நிற்க விடாது. அதே தென்மேற்குக் காற்று கொடைக்கானலுக்குப் பெரும்பாலும் மூடுபனியும் சாரலுமாகத்தான் போய்ச் சேரும், அந்த மலைக்குப் பெரிய மழை நமக்கு மாதிரியே ஐப்பசி கார்த்திகையில்தான். பள்ளிக்கூடம் திறந்துவிடுவதால் கூட்டமும் இருக்காது. 1863-ல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரி உண்டாக்கிய ஏரி அது, சுற்றி சுமார் ஐந்து கிலோமீட்டர் வரும், மே மாதத்தில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போகிற அந்தச் சாலையில் ஜூலையில் கைவீசி நடக்கலாம். பள்ளத்தாக்கு ஓரத்து நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் அரை மணி நேரம் ஒன்றுமே தெரியாது, பக்கத்தில் நிற்கிற ஆள்கூட மங்கலாகத்தான் இருப்பார், திடீரென்று பனி விலகிக் கீழே பள்ளத்தாக்கு முழுசாகத் திறக்கும். காத்திருக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பேரிக்காய் வருகிற நேரமும் இதுதான். ஒரே சங்கடம் துணி காயாதது. நம் ஊரில் கைலியைக் கொடியில் போட்டால் அரை மணியில் மொறுமொறுவென்று ஆகிவிடும், அங்கே மூன்று நாள் ஆனாலும் ஈரம் போகாது. "துவைக்காதீங்கண்ணே, ஊருக்குக் கொண்டுபோய்த் துவைச்சுக்கங்க" என்று தங்கச்சி முதலிலேயே சொல்லிவிடுவாள்.

ஐப்பசி, கார்த்திகைக்கு நான் வைத்திருக்கிற விதி ஒன்றுதான்: பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் மலை ஏறக் கூடாது. மன்னார் வளைகுடாவில் சுழல்கிற அதே தாழ்வு மண்டலம்தான் அங்கேயும் கொட்டும், மலைப்பாதையில் மரம் விழும், மண் சரியும். கூண்டு இறங்கி இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால் டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி எலிவால் அருவியைப் பாருங்கள். எதிர் மலையில் கிட்டத்தட்ட ஆயிரம் அடி உயரத்திலிருந்து வெள்ளையாக விழும். கோடையில் போகிறவர்கள் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அப்புறம் தை, மாசி. ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போய்விடும், விடியற்காலையில் ஜிம்கானா பக்கம் புல் மேலே உறைபனி உப்பளத்து உப்பு மாதிரி பூத்துக் கிடக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாகிவிடும், அகல வாய் டப்பாவில் கொண்டுபோனால்தான் சுரண்டி எடுக்கலாம். வானம் சுத்தமாக இருப்பதால் கோக்கர்ஸ் வாக்கிலிருந்து வைகை அணை வரைக்கும் தெரியும். ஆனால் முட்டிவலி, மூச்சிரைப்பு உள்ளவர்களை இந்த மாதங்களில் கூட்டிப்போகாதீர்கள், நம் உடம்பு புழுக்கத்துக்குப் பழகினது, அந்த வறண்ட குளிரைத் தாங்காது. அம்மாவை நான் ஆகஸ்டில்தான் அழைத்துப்போகிறேன்.

சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. கடல்மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடி, தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பானையில் சோறு வேக ரொம்ப நேரம் பிடிக்கும், குக்கர் எடுத்துப்போங்கள். நாங்கள் குண்டு மிளகாயும் நெத்திலிக் கருவாடும் கொண்டுபோவோம், பூம்பாறைப் பூண்டு அங்கேயே கிடைக்கும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, பல் சின்னது, காரம் அதிகம். அதைத் தட்டிப்போட்டு வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு ஈடே கிடையாது.

குறிஞ்சி 2018-ல் பூத்தது, 12 வருடக் கணக்கில் அடுத்தது 2030. அதுவும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில்தான், மே மாதம் போய்த் தேடாதீர்கள்.

சொந்த வண்டியில் போகிறவர்கள் கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் அடிப்பக்கத்தைக் காட்டிவிடுங்கள். நம் உப்புக் காற்றில் பிரேக் பைப் துருப்பிடித்திருக்கும், சமவெளியில் அது தெரியாது. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக் கருகுகிற வாசனை வந்தால் அடுத்த வளைவு வரைக்கும் போகலாம் என்று நினைக்காமல் உடனே ஓரங்கட்டி ஆறவிட்டுவிட்டுப் புறப்படுங்கள்.