ரோடோகாக்கஸ் என்சைமோடு மூன்று வருடம்: பாதியில் நிற்கும் பிளாஸ்க்

நேற்று ராணிப்பேட்டையிலிருந்து நண்பன் போன் பண்ணினான். "டேய், உன் பாக்டீரியா என்சைம் தேறுமா? நானும் வாங்கிடவா?" அவன் கேட்ட நேரம் சரியில்லை. காலையில்தான் டி.எல்.சி. தகட்டை (கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பொட்டுப் பொட்டாகப் பிரித்துக் காட்டும் தகடு) பார்த்து நொந்துபோயிருந்தேன்.

காட்பாடியில் எங்கள் சின்ன லேபில் ஆல்கஹாலைக் கீட்டோனாக்க மூன்று வருடமாக இதுதான். ரோடோகாக்கஸ் ரூபர் என்ற பாக்டீரியாவின் ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸை (ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும் என்சைம்) ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வளர்த்து, செல்லோடு உலர்த்திய பழுப்புப் பவுடர். அந்த ஹைட்ரஜனைச் சுமக்கும் துணைப்பொருளான என்.ஏ.டி. செல்லுக்குள்ளேயே இருப்பதால் அதைத் தனியாக விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஆல்கஹாலிலிருந்து பிடுங்கும் ஹைட்ரஜனை அசிட்டோன் தலையில் கட்டிவிடும். அசிட்டோன் ஐசோபுரோப்பனால் ஆகிவிடும். பிளாஸ்கில் ஐந்தில் ஒரு பங்கு அசிட்டோன் ஊற்றினாலும் இது சாவதில்லை. மே மாத வெயிலில் ஷேக்கரை 30 டிகிரியில் நிறுத்த ஏ.சி. ஓட வேண்டும், அவ்வளவுதான் செலவு.

முன்பெல்லாம் இதே வேலைக்கு ஜோன்ஸ் ரீஏஜென்ட், அதாவது அமிலத்தில் கரைத்த குரோமியம். ஆரஞ்சுக் கரைசல் பச்சையாகி, அடியில் குரோமியக் கூழ் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதை எங்கே கொட்டுவது? ராணிப்பேட்டையில் எப்போதோ மூடிய குரோமேட் ஆலையில் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்துபோன கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். என் பிளாஸ்கில் இப்போது குரோமியம் ஒரு துளி இல்லை. அதற்காக மட்டுமே இந்தப் பவுடரைக் கும்பிடலாம்.

ஆனால் 1-ஃபீனைல் எத்தனால் என்ற ஆல்கஹாலைப் போட்டுப் பாருங்கள். ஒரு ராத்திரியில் அதன் கீட்டோனான அசிட்டோஃபீனோனின் பூ வாசனை கமகமவென்று வரும். தகட்டில் கீட்டோனைக் காட்டிக்கொடுக்கும் டி.என்.பி. கரைசலை அடித்தால் மேலே பளிச்சென்று ஆரஞ்சுப் பொட்டு. யூ.வி. விளக்கில் பார்த்தால் கீழே ஆல்கஹால் பொட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். மறுநாளும், மூன்றாம் நாளும் அதேதான். இந்த ஆல்கஹாலுக்குக் கண்ணாடி பிம்பம் போல எஸ், ஆர் என்று இரண்டு வடிவங்கள். இந்த என்சைம் எஸ் வடிவத்தை மட்டும்தான் தொடும். ஆர் வடிவத்தை ஏறெடுத்தும் பார்க்காது. இரண்டும் சரிபாதியாகக் கலந்த ரெசிமிக் சரக்கு என்றால் 50 சதவீதத்தில் நின்றுவிடும். வடித்துப் பிரிக்கலாம் என்றால், கீட்டோன் கொதிப்பது 202 டிகிரியில், ஆல்கஹால் 204. சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாய் (column) வழியாக ஓட்டித்தான் பிரிக்க வேண்டும், சிலிக்கா மூட்டை மூட்டையாகக் கரைகிறது.

மிஞ்சும் ஆர் ஆல்கஹால் அவ்வளவு சுத்தம், மருந்துக்காரர்கள் தேடி வாங்குவார்கள். நியாயமாகச் சொன்னால் அது பெரிய வரம். என் வாடிக்கையாளர் கேட்பது கீட்டோன், நான் என்ன செய்ய?

சரி என்று லாக்டோபேசிலஸ் பிரெவிஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் என்சைமையும் சேர்த்தேன். அது ஆர் வடிவத்தை எடுக்கும். அதற்கு என்.ஏ.டி.யின் உறவுக்காரனான என்.ஏ.டி.பி. வேண்டும், மெக்னீசியமும் வேண்டும். பழக்கதோஷத்தில் பஃபரில் (என்சைம் வேலை செய்யும் கரைசல்) உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. போட்டிருந்தேன், அது மெக்னீசியத்தையெல்லாம் இழுத்துக்கொள்ள, விலை கொடுத்து வாங்கியது ஒரு ராத்திரியில் செத்தது. நேற்றுக் காலை பார்த்த தகடு அதுதான். கீழ்ப்பொட்டு கொஞ்சமும் மங்கவில்லை.

நண்பனிடம் "வாங்காதே" என்று சொல்லிவிட்டேன். ஈ.டி.டி.ஏ. இல்லாமல் புது பஃபர் கரைத்து, மாலையிலேயே இரண்டு பவுடரையும் மறுபடி போட்டு ஷேக்கரில் வைத்திருக்கிறேன்.