உழவர் சந்தையா, வாரக் கூடையா: ஒன்றரை ஏக்கர் காய்கறிக்கு எது கட்டும்?

நேரடி விற்பனைக்கு உழவர் சந்தை நல்லதா, வீடுகளுக்கு வாரக் கூடை கொடுப்பது நல்லதா என்று கேட்டால், கூடை என்றுதான் சொல்வேன். பாளையங்கோட்டைப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம். விளைச்சலில் பெரும்பகுதி இப்போது முப்பது வீடுகளுக்குக் கூடையாகப் போகிறது. மாத முதலிலேயே பணம் கொடுத்துவிடுவார்கள். தோட்டத்தில் அந்த வாரம் என்ன இருக்கிறதோ அதுதான் கூடையில்.

சந்தையைக் குறை சொல்லமாட்டேன். 1999இல் மதுரையில் தொடங்கியதிலிருந்து அதன் பலம் தெரிந்ததுதான்: கமிஷன் இல்லை, கடை வாடகை இல்லை, தராசு அங்கேயே கிடைக்கும், காசு அன்றே கைக்கு வரும். மண்டிக்கு மூட்டை அனுப்புவதைவிட எவ்வளவோ மேல்.

என் முடிவைத் தீர்மானித்தது பறிப்புக் கூலி. ஆடிப்பட்டத்தில் ஊன்றிய வெண்டை ஆவணிக் கடைசியில் காய்க்கத் தொடங்கும். எனக்குக் காய்க்கும்போது ஊர் முழுக்கக் காய்க்கும். சந்தைப் பலகையில் விலை இறங்கும். விலை இல்லையே என்று பறிக்காமல் விடவும் முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். நுனியை ஒடித்தால் 'படக்'கென்று ஒடிகிற பிஞ்சு, இரண்டு நாள் தாண்டினால் நாராகிவிடும். முற்றின காய் செடியிலேயே நின்றால் அடுத்த பூ குறையும். ஆக, காய் போகிற விலை கூலிக்குக் கட்டாவிட்டாலும் ஆள் விட்டுப் பறித்தே ஆகவேண்டும். சந்தையை மட்டும் நம்பியிருந்த வருடங்களில் பணம் கரைந்தது உரத்திலோ விதையிலோ அல்ல, இங்கேதான்.

கூடையில் எத்தனை கிலோ வேண்டும் என்பது விதைக்கும்போதே தெரியும். அதனால் ஒரே நாளில் எல்லாம் ஊன்றுவதில்லை. வெண்டை மூன்று வாரத்துக்கு ஒரு பாத்தி, கீரை வாரம் ஒரு பாத்தி. முப்பது வீட்டுக்கு வேண்டியதைத்தான் பறிக்கிறோம்; கூலிக்கான பணம் முன்பே வந்துவிட்டது. வீடுகளைச் செவ்வாய், சனி என்று இரண்டாகப் பிரித்திருக்கிறோம். அப்படியும் வாரத்தில் ஒரு பறிப்பு மிஞ்சும். அது சந்தைக்குத்தான் போகிறது. சந்தையில் விற்பதற்கான விவசாயி அடையாள அட்டையை இன்னும் விடவில்லை.

கூடைக்குச் சோதனை ஐப்பசி, கார்த்திகை. மழை பிடித்துக்கொண்டால் சிறுகீரை பாத்தியிலேயே அழுகும், தக்காளி வெடிக்கும். சந்தைக்காரர் அந்த வாரம் போகாமல் இருக்கலாம். நமக்கு முன்பணம் வாங்கிய கடமை இருக்கிறது. காம்போடு அறுத்து, மேலே சாம்பல் பூத்தபடி பரணில் அடுக்கிய தடியங்காயும் (நீர்ப்பூசணி) பூசணியும் அப்போதுதான் காப்பாற்றும். "என்ன அண்ணாச்சி, இந்த வாரமும் பூசணியா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். கேட்டவர்களைத் தோட்டத்துக்கே வரச்சொல்லித் தண்ணீர் நிற்கும் பாத்தியைக் காட்டினேன். அதற்காக ஒருவரும் விலகவில்லை. மார்கழி பிறந்தால் அவரை வந்துவிடும். பொங்கலுக்குச் சிறுகிழங்கும் சேனையும் போகும்போது அவர்களே கூப்பிட்டுப் பேசுவார்கள். சிறுகிழங்கை மண்ணோடு கொடுத்தால்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் திருப்தி!

அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய, வீடுகளுக்குக் கூடை கொடுக்கும் இந்த வகைப் பண்ணைகளில், பருவம் முழுவதற்கும் முன்பணம் வாங்குவது வழக்கம். இங்கே மாதச் சம்பளக்காரர்களிடம் அப்படிக் கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை. மாதக் கணக்கே போதும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அனுபவம் முப்பது வீட்டோடு நிற்கிறது. நூறு வீடு என்றால் வண்டி, பிரித்துக் கட்ட ஆள் என்று செலவு வேறாகிவிடும். அங்கே இதே கணக்கு நிற்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். கிணறு கோடையில் வற்றுகிறவர்களும் யோசிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் கூடையை நிறுத்தினால் வீடுகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

வரும் ஆடியில் தொடங்க நினைப்பவர்கள் பத்து வீட்டோடு தொடங்குங்கள். சித்திரையிலேயே சேனையை நட்டுவிடுங்கள், ஆடியிலேயே பூசணிக்கும் தடியங்காய்க்கும் குழி எடுத்துவிடுங்கள். சந்தை அட்டையைப் புதுப்பிக்கவும் மறக்க வேண்டாம்.