கடலோரமா, உள்ளேயா? கடலூர்ப் பக்கம் மனை தேடுபவர்களுக்கு

கடலூரில் மனை பார்க்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "கடல் எவ்வளவு தூரம்?" என்பதுதான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர்க் கடற்கரைத் தேவனாம்பட்டினம் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அப்படிக் கேட்பது நியாயமே. ஆனால் உள்ளே போய்விட்டால் பயமில்லை என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். கடலோரத்தில் உப்புக்காற்று ஜன்னல் கம்பியையும் ஏசி பெட்டியையும் அரித்துவிடும். பல இடங்களில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்ட வேண்டுமென்றால் கடலோர ஒழுங்குமுறை விதிகளையும் பார்த்தாக வேண்டும். உள்ளே துருத் தொல்லை குறைவு, பண்ருட்டிப் பக்கச் செம்மண்ணில் பலாவும் முந்திரியும் நன்றாக வரும். வெயில்தான் கொடுமை. கத்திரியில் கடலூருக்கு மதியம் வந்துசேரும் கடல்காற்றை, 60 கி.மீ. மேற்கே விருத்தாசலத்தில் எதிர்பார்க்க முடியாது. நெய்வேலியைச் சுற்றி இன்னொரு கவலை: சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இரவுபகலாக இறைக்கிறார்கள்.

புயல், வெள்ளம் என்று வந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த தானே புயல், கரையோடு நிற்கவில்லை. பண்ருட்டி வரை பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. பல வருடம் வளர்த்து ஆளாக்கிய மரங்கள், ஒரே காலையில் போயின. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அன்று உயிர்ப்பலி வாங்கிய வெள்ளம் பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் புகுந்தது. அங்கே கடல் கண்ணுக்கே தெரியாது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது உள்ளே தள்ளியிருக்கும் மயிலத்திலும் கொட்டித் தீர்த்தது. அப்புறம் மேற்கே திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, கடலூரின் தாழ்வான பகுதிகளை மூழ்கடித்தது. மேற்கே பெய்த மழைக்கு கிழக்கே இருப்பவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள்.

வானிலை அறிக்கையும் விருத்தாசலம், திட்டக்குடியை எல்லாம் சேர்த்து முழு மாவட்டத்தையும் கடலோர மாவட்டமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அது சரிதான் என்பேன். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு என இத்தனை ஆறுகள் வந்து கலக்கும் மாவட்டத்தில் கடலின் தூரத்தைவிட ஆற்றின் தூரமும் நிலத்தின் மேடும் முக்கியம்.

என்னைக் கேட்டால், பண்ருட்டியில் ஓடைக்கரை மனையைவிடக் கடலூர் கேப்பர் மலை மேட்டில் ஒரு சின்ன மனை மேல். மேட்டுநிலம், கடல்காற்றும் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் முன்பணம் கொடுக்குமுன் அந்தத் தெருப் பெரியவர்களிடம், 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுவிடுங்கள். மனை விற்கிறவரிடம் கேட்காதீர்கள்.