ஒன்றாம் எண்ணா, மூன்றாம் எண்ணா? பீஸ்ட்டையும் டேன் கோலையும் வைத்து ஒரு கணக்கு

ரக்பி யூனியனில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. பக்கத்துக்கு எட்டுப் பேர் குனிந்து, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, எதிரணியோடு முட்டித் தள்ளுவார்கள். முன்வரிசையின் நடுவில் ஹூக்கர், அவருக்கு இரண்டு பக்கமும் ப்ராப். இடப்பக்கத்து ப்ராப்புக்குச் சட்டை எண் 1, வலப்பக்கத்தவருக்கு 3. டிவியில் பார்த்தால் இருவரும் ஒரே அச்சு: கழுத்தே இல்லாத, நூறு கிலோவைத் தாண்டிய ஆட்கள். ஆனால் இடத்து மாடு வேறு, வலத்து மாடு வேறு என்று ஏர் பிடித்தவருக்குத் தெரியும். இங்கேயும் அப்படித்தான்.

காதை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். குனிந்து முட்டிய பிறகு, ஒன்றாம் எண்காரரின் இடது காது வெளியே காற்று வாங்கும். மூன்றாம் எண்காரருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவர் தலை எதிரணி ஹூக்கருக்கும் எதிரணியின் ஒன்றாம் எண்காரருக்கும் நடுவே செருகி நிற்கும். இரண்டு காதும் தேயும். அதனால்தான் முதலாமவர் லூஸ்ஹெட், மற்றவர் டைட்ஹெட். தலை ஒரு பக்கம் விடுபட்டிருப்பதால் லூஸ்ஹெட் கொஞ்சம் மேலே தூக்கலாம், கோணம் மாற்றலாம், வித்தை காட்டலாம். டைட்ஹெட்டின் வேலை, இரண்டு பேரின் பாரத்தைத் தாங்கி அசையாமல் நிற்பது.

இந்த இரண்டு வாழ்க்கையில் எது தேவலை? ஒப்பிடுவதற்கு வாகாக இரண்டு பேர் கிடைக்கிறார்கள். லூஸ்ஹெட் டெண்டாய் ம்டவாரிரா, தென்னாப்பிரிக்காவுக்கு 117 டெஸ்ட், அதாவது சர்வதேச ஆட்டம். டைட்ஹெட் டேன் கோல், இங்கிலாந்துக்கு 118. ஒரே ஒரு டெஸ்ட்தான் வித்தியாசம்.

ம்டவாரிரா ஜிம்பாப்வேயின் ஹராரேயில் பிறந்தவர். 'பீஸ்ட்' என்ற பட்டப்பெயர் சிறுவயதிலேயே ஒட்டிக்கொண்டது. டர்பனின் ஷார்க்ஸ் அணிக்கு வந்தபோது அவர் ப்ராப்பே இல்லை. பின்வரிசையில் எட்டாம் எண்ணில் ஓடி ஆடியவர். முன்வரிசைக்கு மாற்றியவர் பயிற்சியாளர் டிக் மியூர். 2008இல் தென்னாப்பிரிக்காவுக்கு முதல் டெஸ்ட். லூஸ்ஹெட்டுக்கு இப்படி இடையில் வந்து சேரலாம். டைட்ஹெட் பக்கம் அது அபூர்வம். அங்கே கழுத்தும் முதுகும் பழக வருடங்கள் பிடிக்கும். பல டைட்ஹெட்டுகள் முப்பதை நெருங்கும்போதுதான் பக்குவப்படுகிறார்கள்.

கோலின் கதையில் திருப்பமே கிடையாது. லெஸ்டரில் பிறந்தார், லெஸ்டர் டைகர்ஸுக்கு ஆடினார், கடைசியில் லெஸ்டர் சட்டையிலேயே ஓய்வு பெற்றார்.

புகழ் என்று வந்தால் லூஸ்ஹெட் பக்கம்தான் தராசு சாயும். 2009 ஜூன் 20, டர்பன். பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்களின் கூட்டு அணியான பிரிட்டிஷ் அன்ட் ஐரிஷ் லயன்ஸுக்கு எதிரான முதல் டெஸ்ட். லயன்ஸின் டைட்ஹெட், இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை வென்ற ஃபில் விக்கெரியை பீஸ்ட் அன்று தூக்கி மடக்கினார். லயன்ஸுக்கு எதிராகப் பெனால்டி மேல் பெனால்டி. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே விக்கெரி வெளியே அழைக்கப்பட்டார். தென்னாப்பிரிக்கா 26-21 என வென்றது. அன்று பீஸ்ட் நேராகத் தள்ளினாரா, கோணலாகப் புகுந்தாரா என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். ஆனால் மூன்றாவது டெஸ்ட்டில் அதே விக்கெரி அதே பீஸ்ட்டுக்கு எதிரே நின்றார், லயன்ஸ் 28-9 என வென்றது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? டைட்ஹெட்டின் மோசமான நாளுக்கு இருக்கும் ஆயுள் அவருடைய நல்ல நாளுக்கு இல்லை.

கோலுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது, பீஸ்ட்டின் கையாலேயே. 2019 நவம்பர் 2, யோகோஹாமா, உலகக் கோப்பை இறுதி. கோல் அன்று மாற்று ஆட்டக்காரர். மூன்றாவது நிமிடத்திலேயே இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சிங்க்லர் தலையில் அடிபட்டு வெளியேற, உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய் முட்ட வேண்டியதாயிற்று. இங்கிலாந்திடம் வேறு டைட்ஹெட் இல்லை. மீதி ஆட்டம் முழுக்க அவரேதான். எதிரில் முதலில் பீஸ்ட். அவர் களைக்கும் முன்பே, இரண்டாம் பாதித் தொடக்கத்தில், புத்தம் புதிதாக ஸ்டீவன் கிட்ஷாஃப். ஸ்க்ரமில் பெனால்டிகள் குவிந்தன. 32-12. பழி கோல் தலையில் விழுந்தது. கொஞ்சம் அநியாயம்தான். மலைச்சரிவில் லாரியை ஒற்றை ஆள் முட்டுக்கொடுத்த கதை அது.

சரி, அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. மூன்று வருடத்துக்கு மேல் இங்கிலாந்து அவரைக் கூப்பிடவில்லை. 2023இல், முப்பத்தைந்து வயதில், திரும்ப எடுத்தார்கள். அந்த அக்டோபரில் பாரிஸில் உலகக் கோப்பை அரையிறுதி, மறுபடி தென்னாப்பிரிக்கா. கோல் தொடக்கத்திலிருந்தே ஆடினார். அவர் களத்தில் இருந்தவரை ஸ்க்ரம் நின்றது. பிறகு அவர் வெளியே, சிங்க்லர் உள்ளே. எதிர்ப்பக்கம் ஆக்ஸ் நீச்சே வந்தார். ஸ்க்ரம் சரியத் தொடங்கியது. அப்படிக் கிடைத்த ஒரு பெனால்டியை 78ஆவது நிமிடத்தில் தென்னாப்பிரிக்காவின் ஹாண்ட்ரே பொலார்ட் உதைத்து உள்ளே அனுப்பினார். 16-15. என் பார்வையில் கோலின் ஆகச் சிறந்த சான்றிதழ், அவர் களத்தில் இல்லாத அந்த இருபத்துச் சொச்ச நிமிடங்கள்.

பணம் இந்த விஷயத்தில் ரசிகர்களைவிட விவரமானது. நல்ல டைட்ஹெட் கிடைப்பது அரிது, அதனால் சந்தையில் விலை கூடுதல். அணியில் முதலில் எழுத வேண்டிய பெயர் டைட்ஹெட், இரண்டாவது பெயர் மாற்று டைட்ஹெட் என்பது ரக்பிக்காரர்களின் பழைய வேடிக்கைப் பேச்சு; பிரெஞ்சு கிளப் முதலாளிகளுக்கு அது வேடிக்கை அல்ல. டெஸ்ட் அணியின் 23 பேரில் முன்வரிசையின் ஒவ்வொரு இடத்துக்கும் பழகிய மாற்று ஆள் இருந்தாக வேண்டும் என்ற விதி வேறு. ஆக, நாட்டின் இரண்டாவது டைட்ஹெட்டுக்கும் வேலை உறுதி.

உடம்பைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் நஷ்டம்தான். கோல் 2014இல் கழுத்துக் காயத்தோடு மல்லுக்கட்டினார். பீஸ்ட்டை இதயப் படபடப்பு சில முறை ஆட்டத்திலிருந்து இறக்கியது. 2013இல் மோதுவதற்கு முன்பே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று விதி மாறியதில் முதல் முட்டலின் வேகம் குறைந்தது. இருவருக்குமே அதில் சில வருடங்கள் மிச்சமாகியிருக்கும்.

இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்தால்? இங்கிலாந்தின் ஜேசன் லெனர்ட் அப்படி 114 டெஸ்ட் ஆடினார். தச்சு வேலையிலிருந்து வந்தவர். 2003 உலகக் கோப்பை இறுதியின் கடைசிக் கட்டத்தில் விக்கெரிக்குப் பதிலாக இறங்கினார், ஸ்க்ரமில் போய்க்கொண்டிருந்த பெனால்டிகள் நின்றன. ஆனால் அது பெரும்பாலும் அமெச்சூர் காலத்தில் கற்ற கைப்பழக்கம். இன்று ஒரு பக்கத்தில் தேறுவதற்குள்ளேயே தாவு தீர்ந்துவிடுகிறது.

எனவே என் ஓட்டு மூன்றாம் எண்ணுக்கு. நீண்ட நாள் ஆட வேண்டும், நல்ல சம்பளம் வேண்டும், முப்பதுக்கு மேலும் மதிப்பு வேண்டும் என்றால் அதுதான். அரங்கமே 'பீ...ஸ்ட்' என்று இழுத்துக் கத்துவதைக் கேட்க ஆசையா, அப்போது ஒன்றாம் எண்.

விடைபெறும் காட்சியில் மட்டும் ஒன்றாம் எண்ணை மிஞ்ச முடியாது. பீஸ்ட் யோகோஹாமாவில் தங்கப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு, சில நாட்களில் சர்வதேச ஆட்டத்துக்குக் கும்பிடு போட்டார். கோலின் கடைசி ஆட்டம் 2025 ஜூன் 14, ட்விக்கென்ஹாமில் இங்கிலாந்து கிளப்களின் பிரீமியர்ஷிப் இறுதி, பாத் அணிக்கு எதிரே. மாற்று ஆட்டக்காரராக இறங்கினார், வயது 38. பந்தை உதைத்துவிட்ட பாத் ஆட்டக்காரர் ஃபின் ரஸ்ஸலைத் தாமதமாகப் போய் இடித்தார். மஞ்சள் அட்டை. பாத் 23, லெஸ்டர் 21.