'வீடு முழுக்க வயர்லெஸ் பாட்டு' விளம்பரம்: பினாங்கில் இருப்பவர்கள் கவனம்

தீபாவளிக்கு முன்னால் "கணினியில் ஒரு கிளிக், நாலு அறையில் பாட்டு" என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய விளம்பரத்தை குளுகோர், பாயான் பாரு, சுங்கை ஆரா பக்கம் இருப்பவர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை, விவகாரம் நடுவர் மன்றத்தில் இருக்கிறது. ஆனால் அவர்கள் எப்படிப் பேசி விற்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். அதே பேச்சோடு வேறு யார் வந்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

எங்கள் வீடு இரட்டை மாடித் தொடர்வீடு. அப்பா பல வருஷமாகச் சேர்த்த சிடிக்களை எல்லாம் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன், கணினி மாடியில் இருக்கிறது. அந்தப் பாட்டு கீழே ஹாலிலும் சமையலறையிலும் அப்பா அறையிலும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும், காலையில் சாமி மேடைப் பக்கம் மட்டும் தனியாகப் பக்திப் பாட்டு ஓட வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான். இது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. கணினிப் பாட்டை வைஃபை வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டியை ஆப்பிள் 2004லேயே விற்க ஆரம்பித்துவிட்டது, பல அறைகளுக்கென்றே ஏர்பிளே 2 என்ற ஆப்பிளின் பாட்டு அனுப்பும் முறை வந்தது 2018ல். கூகுளின் காஸ்ட், சோனோஸ் என்று வேறு வழிகளும் உண்டு. அதனால்தான் கடைக்காரர் "செய்துடலாம் அக்கா" என்றபோது எனக்குச் சந்தேகம் வரவில்லை.

கடையில் ஒரே ஒரு ஸ்பீக்கரை மேசையில் வைத்து, கையில் இருந்த போனிலிருந்து பாட்டுப் போட்டுக் காட்டினார். போனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. "கணினியிலிருந்து போட்டுக் காட்டுங்க தம்பி" என்றேன். "போன்ல வர்றது கணினியில வராதாக்கா?" என்று சிரித்தார். சரி, இது வைஃபையா புளூடூத்தா என்று நேராகவே கேட்டேன். பெட்டியைத் திருப்பி, மூலையில் பொடி எழுத்தில் இருந்த '2.4G வயர்லெஸ்' என்பதையும், அதற்குக் கீழே வட்டத்துக்குள் இருந்த '5.0' என்பதையும் விரலால் தொட்டுக் காட்டி, "பாருங்க, 2.4, 5, ரெண்டும் இருக்கு, டூயல் பேண்ட் வைஃபை" என்றார். பிறகு வாட்ஸ்அப்பிலும் அதையே எழுதி அனுப்பினார், அந்தச் செய்தி இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இந்த இடத்தில்தான் மோசடி. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது ஓர் அலைவரிசை, அவ்வளவுதான். வைஃபை அதில் ஓடுகிறது, புளூடூத் ஓடுகிறது, வயர்லெஸ் மவுஸ் ஓடுகிறது, உங்கள் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதையொட்டித்தான் வேலை செய்கிறது. பெட்டியில் 2.4G என்று போட்டிருப்பதால் அது வைஃபை ஆகிவிடாது. அந்த 5.0 இருக்கிறதே, அது புளூடூத்தின் பதிப்பு எண். டூயல் பேண்ட் வைஃபை என்றால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையிலும் ஓடுவது. அந்த 5 கிகாஹெர்ட்ஸுக்கும் இந்த 5.0க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தெரியாமல் சொன்னார் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பெட்டியின் இன்னொரு பக்கத்தில் இருந்த புளூடூத் சின்னத்தின் மேல்தான் விலை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். பிய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நாலு ஸ்பீக்கரும் பொருத்தும் கூலியும் சேர்த்து 3,200 வெள்ளி (ரிங்கிட்), பாதி முன்பணம். பொருத்த வந்த பையன்கள் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்தான், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சொன்னதைச் செய்கிறவர்கள். சுவரில் துளை போட்டு நாலையும் மாட்டினார்கள், கணினியில் ஒரு யூஎஸ்பி குச்சியைச் செருகினார்கள், ஹாலில் பாட்டு வந்தது. சமையலறை ஸ்பீக்கரைச் சேர்த்ததும் ஹால் ஊமையாகிவிட்டது. ஏதோ பட்டனை அழுத்தி இரண்டையும் ஜோடி சேர்த்தார்கள், அப்பா அறைக்கு வராது என்றார்கள். அப்புறம் கணினியின் ஹெட்போன் துளையில் இன்னொரு டிரான்ஸ்மிட்டரைச் செருகி, செட்டிங்கில் எதை எதையோ தட்டி, அப்பா அறையிலும் வரவைத்தார்கள். வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. ஹாலுக்கும் அப்பா அறைக்கும் நடுவே நின்றால் திருவிழாவில் தெருக்கோடி ஒலிபெருக்கியும் கோயில் வாசல் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி இருந்தது. நாலாவது, மாடியிலிருந்து கான்கிரீட் தளத்தைத் தாண்டிச் சாமி மேடைக்குப் போக வேண்டியது, விட்டு விட்டுத்தான் பாடியது.

காரணம் சின்னது. சாதாரணப் புளூடூத்தில் பாட்டு வந்து சேர ஏறக்குறைய கால் விநாடிவரைகூடத் தாமதம் ஆகும், ஒவ்வொரு கருவியிலும் அது வேறு வேறு அளவு. ஐந்தில் ஒரு பங்கு விநாடி வித்தியாசம் என்றாலே, ஒலி போகும் வேகத்துக்கு, ஒரு ஸ்பீக்கர் கிட்டத்தட்ட 70 மீட்டர் தள்ளி நின்று பாடுவதற்குச் சமம். பல அறைகளுக்கென்று செய்த அமைப்புகளில் ஒவ்வொரு துண்டுப் பாட்டோடும் எந்த நேரத்தில் ஒலிக்க வேண்டும் என்ற கணக்கும் சேர்ந்தே போகும், ஸ்பீக்கர்கள் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டு ஒரே கணத்தில் பாடும். புளூடூத் ஸ்பீக்கரைச் சுவரில் மாட்டினால் அந்தக் கணக்கு எங்கிருந்து வரும்?

இதுவரைகூட நான் பொறுத்தேன். கடைக்காரரைக் கூப்பிட்டதும் அவர் சொன்னதுதான் எனக்கு ஆத்திரம் வரவைத்தது. "உங்க வீட்டு லைன் வீக் அக்கா, மெஷ் போட்டாத்தான் சரிவரும், 680 வெள்ளி ஆகும்." மெஷ் என்பது வைஃபை சிக்னலை வீடு முழுக்கப் பரப்பும் கூடுதல் பெட்டிகள். வீட்டுக் கணினியில் இருக்கிற பாட்டு வீட்டு ஸ்பீக்கருக்குப் போக இணையமே தேவையில்லை. சிடி தரத்தில் சுருக்காமல் அனுப்பினால்கூட விநாடிக்கு 1.4 மெகாபிட்தான் ஆகும், அதுவும் ரௌட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மட்டும். அவர் எதிரிலேயே ரௌட்டரிலிருந்து ஃபைபர் வயரைக் கழற்றினேன். பாட்டு மாறவே இல்லை, அதே எதிரொலி, அதே விட்டு விட்டு வருவது. பிறகு ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைக் காட்டினேன். என் போன், வீட்டுக்காரர் போன், டிவி, கணினி, பிரிண்டர். ஸ்பீக்கர் ஒன்றுகூட இல்லை. "அது ஹிட்டனா இருக்கும் அக்கா" என்றார். மறைந்திருந்து பாட அது என்ன குயிலா?

ரௌட்டரைக் குறை சொல்கிற எல்லாருமே பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கணினி விருந்தினர் வைஃபையில் இருந்தால் நிஜமான வைஃபை ஸ்பீக்கர்களைக்கூட அதனால் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். கான்கிரீட் வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் சிக்னல் குறைவது உண்மைதான், மெஷ் தேவைப்படும் வீடுகளும் உண்டு. ஆனால் ஸ்பீக்கர் வைஃபையிலேயே இல்லாதபோது மெஷ் வாங்கி என்ன செய்வது?

பெட்டியை முழுக்கத் திருப்பிப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. மலேசியாவில் விற்கும் வயர்லெஸ் கருவிகளில் தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் லேபிள் இருக்க வேண்டும், சிரிம் என்ற தரச் சோதனை நிறுவனத்தின் சான்று பெற்றுத்தான் அது ஒட்டப்படும். இதில் பெட்டியிலும் இல்லை, ஸ்பீக்கரின் அடியிலும் இல்லை.

அதற்குப் பிறகு கடைக்காரர் போனை எடுக்கவில்லை. நீல டிக் விழும், பதில் வராது. ஒரு நாள் குரல் செய்தி வந்தது, மீதிப் பணம் எப்போது கிடைக்கும் என்று! நான் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ரசீதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்க்கச் சொன்னார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று மலாயில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தரும் உரிமையை ஒரு ரப்பர் முத்திரை குத்தி எடுத்துவிட முடியாது. சொன்ன பொருள் ஒன்று, கொடுத்தது வேறொன்று.

மனு போட்டது திரிபுனல் துந்துத்தான் பெங்குனாவில், அதாவது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, பிரச்சினை நடந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். இணையம் வழியாகவும் போடலாம். நான் வைத்தவை: ரசீது, 'டூயல் பேண்ட் வைஃபை' என்ற அந்த வாட்ஸ்அப் செய்தி, பெட்டியின் எல்லாப் பக்கத்துப் படங்களும், ரௌட்டர் பட்டியலின் படமும். மனு போனதும் "பேசித் தீர்த்துக்கலாம் அக்கா" என்று இப்போது அவரே கூப்பிடுகிறார். விசாரணையில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் இப்போது பாட்டு ஓடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலிருந்து வந்த அக்கா மகன், ஹாலில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபையரோடு ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் குட்டிக் கணினியை இணைத்து ஏர்பிளே பாட்டை வாங்கி ஒலிக்கும் ஷேர்போர்ட் சிங்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டான், மற்ற அறைகளுக்கு ஏர்பிளே ஸ்பீக்கர்களை வாங்கினோம். விண்டோஸ் கணினியில் ஐடியூன்ஸைத் திறந்து எந்தெந்த அறை என்று டிக் செய்தால் போதும். கணினி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் ஒன்றிரண்டு விநாடி கழித்துத்தான் பாட்டு நிற்கும், அதனால் படம் பார்க்க இது சரிவராது. பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையில் இரண்டு ஸ்பீக்கரையாவது இரண்டு மூலையில் வைத்து, கணினியிலிருந்து, போனைத் தொடாமல் பாடவைக்கச் சொல்லுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். அந்த விளம்பரத்தை நம்பி ஏற்கெனவே வாங்கியவர்கள் ரௌட்டர் பட்டியலை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். "மாற்றித் தருகிறோம்" என்று சொல்லிப் பொருளை எடுத்துப் போக வந்தால், பெற்றுக்கொண்டதாக அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராமல் பெட்டியைக் கையில் கொடுக்காதீர்கள். என் பக்கத்துத் தெரு வீட்டில் அப்படித்தான் வாங்கிப் போனார்கள், இன்னும் திரும்பி வரவில்லை.