கிம்ப்பில் ஜிஃப் திருத்துவது: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

ஜிஃப் எனும் அசையும் படங்களைத் திருத்த, இலவசம் என்பதால்தான் கிம்ப் (GIMP) என்ற படத் திருத்த மென்பொருளை எடுத்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒவ்வொரு லேயரும் அசைவின் ஒரு ஃபிரேம் என்ற எளிமை பிடித்துப்போய் அதிலேயே தங்கிவிட்டேன். ஜிஃபைத் திறந்தால் அடியில் இருக்கும் லேயர் முதல் ஃபிரேம், லேயர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மில்லிசெகண்ட் கணக்கு இருக்கும், அந்த எண்ணை மாற்றினால் அந்த ஃபிரேம் நிற்கும் நேரம் மாறும். அவ்வளவுதான், வேறு டைம்லைன் எதுவும் கிடையாது.

ஆரம்பத்தில் என்னைப் படாதபாடு படுத்தியது ஒரே விஷயம். நடுவில் ஒரு ஃபிரேமைத் தூக்கினால் அடுத்தடுத்த ஃபிரேம்களில் பழைய படத்தின் துண்டுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். உண்மையில், சுருக்கப்பட்ட ஜிஃபில் முந்தைய ஃபிரேமிலிருந்து மாறிய பகுதி மட்டும்தான் சேமிக்கப்பட்டிருக்கும், நான் நீக்கியது அடுத்ததற்கு அஸ்திவாரம். ஃபில்டர்ஸ் மெனுவில் அனிமேஷனுக்குள் அன்ஆப்டிமைஸ் இருக்கிறது. அதை ஓட்டி எல்லா ஃபிரேமையும் முழுப் படமாக்கிவிட்டு அப்புறம்தான் கை வைக்க வேண்டும். கிம்ப்பின் சொந்த ஃபைல் வடிவமான எக்ஸ்சிஎஃப்பில் (XCF) பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒருமுறை ஆப்டிமைஸ் செய்து மறுபடி சுருக்குகிறேன்.

ஏற்றுமதியில் 'அனிமேஷனாக' என்பதை டிக் செய்ய மறந்தால் அசையாத ஒற்றைப் படம்தான் வரும் (இன்னமும் மறக்கிறேன்). எல்லா ஃபிரேமுக்கும் ஒரே நேரம் என்ற பெட்டியை டிக் செய்துவிட்டால் தனித்தனியாக உட்கார்ந்து போட்ட நேரமெல்லாம் காலி.

நேரத்தில் இன்னொரு கூத்து. ஜிஃப் நொடியை நூறாகத்தான் பிரிக்கும், அதனால் நொடிக்குத் துல்லியமாக 30 ஃபிரேம் என்ற வேகம் கிடைக்கவே கிடைக்காது. வேகமாக ஓடட்டும் என்று 10 மில்லிசெகண்ட் கொடுத்தேன், பிரவுசரில் ஆமையாக ஊர்ந்தது, ஏனென்றால் அவ்வளவு சிறிய எண்ணை பிரவுசர்கள் 100 ஆக எடுத்துக்கொள்கின்றன. 20தான் நடைமுறை எல்லை.

நிறத்தைப் பற்றி என்ன சொல்ல, ஃபிரேமுக்கு 256தான். வானம் பட்டைபட்டையாகத் தெரியும், டிதரிங் (இருக்கும் நிறங்களைப் புள்ளிகளாகக் கலந்து இடைநிறம் போலக் காட்டுவது) போட்டால் பட்டை போகும், ஆனால் புள்ளிகள் நிறைந்து ஃபைல் வீங்கும். பாதி ஒளிபுகும் நிழலும் கிடையாது, ஒரு புள்ளி ஒன்று தெரியும் அல்லது தெரியாது. அதனால் தட்டையான ஓவியங்களுக்கு மட்டும் ஜிஃப், மற்றதையெல்லாம் வெப்பி (WebP) என்ற இன்னொரு பட வடிவத்தில் ஏற்றுமதி செய்துவிடுகிறேன்.

ஒரே எழுத்தை நாற்பது ஃபிரேமிலும் போட வேண்டுமென்றால் மட்டும் கிம்ப்பைத் திறப்பதே இல்லை. லேயரை நகலெடு, கீழே இணை, திரும்பவும் நகலெடு என்று கை வலித்துவிடும். அந்த வேலை கட்டளை வரியில் ஓடும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ கருவிக்குப் போய்விட்டது.